கணினியில் ஆளும் உரிமை

கணினியைப் பயன்படுத்துவது வேறு, அதனை ஆள்வது வேறு. ஊழியர் எழுதலாம், கணக்கிடலாம், அஞ்சல் அனுப்பலாம். புதிய நிரலை நிறுவவோ அமைப்பை மாற்றவோ நிர்வாகியின் அனுமதி வேண்டும். இன்று அலுவலகங்கள் பலவற்றில் இதுவே வழக்கம். ‘நம்மை நம்பவில்லை போலும்’ என்று மனம் நோகும் அன்பர்கள் உண்டு. இவ்வழக்கம் எங்ஙனம் பிறந்தது என்று ஆராய்வோமாயின், அவ்வருத்தத்தில் எவ்வளவு நியாயம் உள்ளது என்பது புலனாகும்.

தொடக்கத்தில் கணினி தனியொருவர் உடைமையன்று. அறையை நிறைத்து நின்ற ஓர் இயந்திரத்தைப் பலர் ஒரே காலத்தில் பங்கிட்டுக்கொண்டனர். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ என்பாரின் தலைமையில் 1961-இல் இயக்கிக் காட்டப்பெற்ற ‘சிடிஎஸ்எஸ்’ என்னும் முறை இதில் முன்னோடி. ஒருவர் கோப்பில் மற்றொருவர் கை வைக்கலாகாது என்பதற்காக ஆளுக்கொரு கடவுச்சொல் வழங்கினர். அச்சொற்கள் அனைத்தும் நிர்வாகிகள் மட்டுமே திறக்கக்கூடிய ஒரு கோப்பில் இருந்தன.

1966-இல் விபரீதம் ஒன்று நேர்ந்தது. நிர்வாகி ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே வேளையில் மற்றொருவர் கடவுச்சொற் கோப்பைத் திருத்தினார். திருத்தும் நிரலோ இருவருக்கும் ஒரே பெயருடைய தற்காலிகக் கோப்பைப் பயன்படுத்திற்று. ஒரு நேரத்தில் ஒருவரே அங்கு வேலை செய்வார் என்பது அதனை அமைத்தவர்களின் எண்ணம். கோப்புகள் இடம் மாறின. அதன்பின் கணினிக்குள் புகுந்த ஒவ்வொருவர்க்கும் அன்றைய அறிவிப்பாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாகக் காட்சியளித்தன! இதில் கள்வர் எவரும் இலர். தகுதியுடைய இருவர் தத்தம் கடமையையே செய்தனர்.

அதே கழகத்தைச் சார்ந்த ஜெரோம் சால்ட்ஸரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-இல் வெளியிட்ட கட்டுரையில் பல நெறிகளைத் தொகுத்துக் கூறினர். அவற்றுள் ஒன்று, ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் எடுத்த பணிக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையோடு இயங்க வேண்டும் என்பது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, இவ்வுரிமையைச் ‘சலுகை’ என்று பெயர்ப்பது உவப்பாக இல்லை. சலுகை என்றதும் பதவியும் மதிப்பும் நினைவுக்கு வருகின்றன. நெறி பேசுவதோ பணியின் அளவைப் பற்றி. மனிதரோடு நிரலையும் அது சேர்த்தே சொல்வதை நேயர்கள் கவனிக்க வேண்டும். நம் பெயரால் ஓடும் நிரல், நமக்குள்ள உரிமை முழுவதையும் பெற்றுவிடுகிறதன்றோ?

1981-இல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணினியில் இந்நெறிக்கு இடமில்லை. அதன் ‘டாஸ்’ இயங்குதளத்தில் பயனர், நிர்வாகி என்ற வேறுபாடே கிடையாது. வீட்டில் அது பொருந்தும். ஆனால் அவ்வியந்திரமே அலுவலகத்துள்ளும் புகுந்தது. 1993-இல் விண்டோஸ் என்.டி. அவ்வேறுபாட்டைக் கொணர்ந்தும் பழக்கம் மாறவில்லை. நிரல் எழுதியோர் பலர், அமைப்புக்குரிய இடங்களிலேயே குறிப்புகளை எழுதிவைத்தமையால், வரம்பிட்ட கணக்கில் அந்நிரல்கள் ஓட மறுத்தன. சலித்துப்போன அலுவலகங்கள் எல்லோரையும் நிர்வாகிகளாக்கிவிட்டன! 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில், நிறுவும்போது உண்டாக்கப்பட்ட கணக்குகள் இயல்பாகவே நிர்வாகிக் கணக்குகளாக அமைந்தன. அஞ்சலில் வந்த நச்சுநிரலை ஊழியர் திறந்தால், கணினி முழுவதும் அதன் கைக்குப் போயிற்று.

வரம்பு எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று கூறுதல் மிகை. 2000 மே மாதத்தில் பரவிய ‘ஐ லவ் யூ’ புழு பயனர்களின் கோப்புகளை அழித்தது. தம் கோப்பை எழுதவும் அழிக்கவும் எளிய கணக்குக்கும் உரிமை உண்டு. வரம்பினால் காக்கப்படுவன இயங்குதளமும் பிறருடைய கோப்புகளுமே.

2007-இல் பொதுமக்களை அடைந்த விண்டோஸ் விஸ்டா, நிர்வாகியிடமுங்கூட ஓயாது அனுமதி கேட்டது. மக்கள் சினந்தனர், 2009-இல் வந்த அடுத்த பதிப்பு கேள்விகளைக் குறைத்தது. யூனிக்ஸ் உலகிலோ, 1980 அளவில் உருவான ‘சூடோ’ என்னும் கருவி, குறிப்பிட்ட கட்டளைக்கு மட்டும் அதிகாரத்தை இரவல் தந்தது. நம் நோக்கில் இதுவே நயமான வழி.

ஊழியரின் மனக்குறையும் பொய்யன்று. இந்திய மொழிகளில் பணியாற்றுவோர் இதனை நன்கறிவர். விண்டோஸில் ஓர் எழுத்துருவைச் சேர்ப்பதற்கே நிர்வாகி வர வேண்டியிருந்தது; அவர் வரும்வரை கடிதம் காத்திருந்தது. பயனர் தமக்கு மட்டும் எழுத்துருவைச் சேர்த்துக்கொள்ளும் வசதி, 2018-இல் வெளிவந்த விண்டோஸ் 10-இன் திருத்தப் பதிப்பில்தான் கிடைத்தது.