கோல்ஃப் மட்டை வாங்கப் போறீங்களா? அயர்ன், வெட்ஜ் தேர்வில் இதை மறந்துடாதீங்க!

சேலம், நாமக்கல்லில் இருந்து கோவை செட்டிபாளையம் மைதானத்துக்கு கோல்ஃப் பழகக் கிளம்புபவர்கள் முதலில் செய்யும் தவறு, முழு செட்டையும் ஒரே நாளில் வாங்குவதுதான். விதிப்படி ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் 14 மட்டைகள் எடுத்துச் செல்லலாம். ஆனால் புதியவருக்கு அதில் பாதியே தாராளம்.

அயர்ன் என்றால் என்ன?

எண் கூடக் கூட மட்டை முகப்பின் சாய்வு கூடும். பந்து உயரமாகப் போகும், தூரம் குறையும். 3, 4 அயர்ன்களை அடிப்பது கடினம். எனவே 6 அல்லது 7-ல் இருந்து தொடங்கலாம்.

பின்புறம் குழிவாக இருக்கும் 'கேவிட்டி பேக்' வகையில், பந்து நடுவில் படாவிட்டாலும் பெரிதாக விலகாது. மெல்லிய 'பிளேடு' வகை கைதேர்ந்தவர்களுக்கு. பார்க்க அழகா இருக்கேன்னு வாங்கினால் திண்டாட்டம்தான்!

வெட்ஜ் எத்தனை வேண்டும்?

இங்கே கணக்கு முக்கியம். வெட்ஜ்களுக்கு இடையே 4 முதல் 6 டிகிரி வித்தியாசம் இருப்பது நல்லது. உங்கள் பிட்சிங் வெட்ஜ் 44 டிகிரி, சாண்ட் வெட்ஜ் 56 டிகிரி என்றால் நடுவில் 12 டிகிரி இடைவெளி. 50 டிகிரியில் ஒன்று வாங்கினால் சரியாகிவிடும். 60 டிகிரி லாப் வெட்ஜ் இப்போதைக்கு வேண்டாம்.

தரையைப் பாருங்க

'பவுன்ஸ்' என்பது மட்டையின் அடிப்பாகம் மண்ணில் புதையாமல் வழுக்கிச் செல்ல உதவும் கோணம். மழைக்கால ஈரத் தரைக்கும் மணல் குழிக்கும் 10 டிகிரிக்கு மேல் நல்லது. ஆனால் கொங்கு வெயிலில் காய்ந்து இறுகிய தரையில் அதே மட்டை துள்ளி, பந்தின் நடுவில் மோதிவிடும். அங்கே குறைந்த பவுன்ஸ் கைகொடுக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 8 முதல் 10 டிகிரி வரை பாதுகாப்பான தேர்வு.

பழசு வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் வெட்ஜ் முகப்பில் உள்ள கோடுகளை விரலால் தடவிப் பாருங்கள். மழுங்கியிருந்தால் பந்து சுழலாது, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடிவிடும். பிடியை மாற்றிக்கொள்ளலாம், தேய்ந்த முகப்பு தேய்ந்ததுதான்.

பணம் கொடுக்கும் முன் பயிற்சித் திடலில் 20 பந்தாவது அடித்துப் பாருங்கள். எது பொருந்தும் என்பதை விளம்பரத்தை விட உங்கள் கையே சரியாகச் சொல்லும்.