இத்தாலியக் கையசைவுகள்

இத்தாலியக் கையசைவுகள் என்பவை இத்தாலி மக்கள், குறிப்பாக நேப்பிள்ஸ், சிசிலி ஆகிய தென்பகுதியினர், பேச்சோடு சேர்த்தும் பேச்சுக்கு மாற்றாகவும் பயன்படுத்தும் சைகைகள் ஆகும். பேசும்போது கையை ஆட்டுவது எல்லா நாட்டாருக்கும் உள்ள பழக்கம்தான். ஆனால் இங்கே ஒவ்வொரு சைகைக்கும் ஒரு சொல்லுக்கு இருப்பதுபோல ஊரறிந்த பொருள் உண்டு. ரோம் நகர உளவியலாளர் இசபெல்லா பொஜ்ஜி ஏறத்தாழ 250 சைகைகளைத் தொகுத்துள்ளார்.

இவற்றில் உலகறிந்தது 'மானோ ஆ போர்சா', அதாவது பணப்பை போன்ற கை. ஐந்து விரல் நுனிகளையும் மேல்நோக்கிக் குவித்து, கையை மேலும் கீழும் அசைக்க வேண்டும். "என்ன சொல்கிறாய்?", "என்னதான் வேண்டும் உனக்கு?" என்பது பொருள். 2020ஆம் ஆண்டு இது கைப்பேசிப் படக்குறியாகவும் ஏற்கப்பட்டது. சுட்டுவிரலைக் கன்னத்தில் வைத்துத் திருகினால் உணவு சுவையாக இருக்கிறது என்று பொருள். கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்தால் "கவனமாக இரு, ஆள் தந்திரக்காரன்" என்று பொருள்.

சுட்டுவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டும் 'கொம்பு'ச் சைகையில் எச்சரிக்கை தேவை. விரல்கள் கீழ்நோக்கியிருந்தால் அது தீயதை விலக்கும். அதையே மேல்நோக்கி ஒருவரிடம் காட்டினால், அவர் மனைவி அவருக்குத் துரோகம் செய்கிறாள் என்ற கடும் வசையாகிவிடும். 1973இல் நேப்பிள்சில் காலரா பரவியபோது நோயாளிகளைக் காணச் சென்ற குடியரசுத் தலைவர் ஜொவான்னி லெயோனே இச்சைகையைக் காட்டியது படம் பிடிக்கப்பட்டுப் பேசுபொருளானது. அவரும் நேப்பிள்ஸ்காரர்தான்.

தே யோரியோவின் நூல்

இச்சைகைகளை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் அந்திரேயா தே யோரியோ (1769–1851). நேப்பிள்ஸ் பேராலயக் குருவான இவர் தொல்பொருள் அறிஞரும் ஆவார். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி, எர்க்குலேனியம் நகரங்கள் 18ஆம் நூற்றாண்டில் தோண்டப்பட்டபோது ஏராளமான ஓவியங்கள் கிடைத்தன. அவற்றில் உள்ள மனிதர்கள் கையால் என்ன சொல்கிறார்கள்? தே யோரியோவின் விடை எளியது: நேப்பிள்ஸ் தெருவில் இறங்கிப் பாருங்கள், மீன் விற்பவரும் வண்டியோட்டியும் அதே சைகையை இன்றும் செய்கிறார்கள். 1832இல் வெளிவந்த அவர் நூல் பழங்காலச் சைகைகளை நேப்பிள்ஸ் மக்களின் சைகைகளைக் கொண்டு விளக்கியது. ஈராயிரம் ஆண்டாக எதுவும் மாறவில்லை என்ற அவர் கருத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. ஆனால் எளிய மக்களின் கைகளை அகராதிபோல் ஒழுங்காகப் பதிந்த அவர் உழைப்புக்கு ஈடு குறைவு. 2000ஆம் ஆண்டு ஆடம் கெண்டன் இந்நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

பழமை முற்றிலும் கற்பனையும் அன்று. 1979இல் டெஸ்மண்ட் மாரிசும் அவர் குழுவினரும் ஐரோப்பிய வட்டாரத்தில் 40 இடங்களில் 20 சைகைகளை ஆராய்ந்து நூல் வெளியிட்டனர். 'இல்லை' என்பதற்குத் தலையைப் பின்னால் வெட்டும் கிரேக்கப் பழக்கம் தென்னித்தாலியில் இருந்தது, ரோமில் இல்லை. இரண்டுக்கும் நடுவே, ரோமுக்கும் நேப்பிள்சுக்கும் இடைப்பட்ட மாசிக்கோ மலைப்பகுதியில் எல்லை விழுந்தது. பண்டைக் கிரேக்கக் குடியேற்றங்கள் பரவியதும் ஏறக்குறைய அதுவரைதான்.

இரத்தமா, சூழலா?

1930களில் நாசி ஆதரவு எழுத்தாளர்கள் கையசைவு இனத்தின் பிறவிக்குணம் என்று எழுதிவந்தனர். அர்ஜென்டினாவைச் சேர்ந்த டேவிட் எஃப்ரோன் இதைச் சோதிக்க நியூயார்க்கில் ஆய்வு செய்தார். மானிடவியலாளர் பிரான்ஸ் போவாஸ் அவருக்கு வழிகாட்டினார். தென்னித்தாலியிலிருந்து வந்தவர்கள் தோளிலிருந்தே கையை அகல வீசிப் பொருளைப் படம்போல் காட்டினர். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் முழங்கையை உடலோடு ஒட்டிவைத்து, எண்ணம் போகும் தடத்தைக் காற்றில் வரைவதுபோல் அசைத்தனர். வேறுபாடு தெளிவாகவே இருந்தது. ஆனால் அமெரிக்க வாழ்வில் கலந்துவிட்ட வழித்தோன்றல்களிடம் அது பெரும்பாலும் மறைந்திருந்தது. இரு குழுவினரும் தம் முன்னோரைவிட ஒருவரையொருவர் அதிகம் ஒத்திருந்தனர். சிலர் இருவகைச் சைகைகளையும் கலந்தே பயன்படுத்தினர். ஓவியங்களோடு கூடிய அவர் நூல் 1941இல், போர் நடந்துகொண்டிருந்தபோது வெளிவந்தது.