3,500-ல் இரண்டு

1942 ஜனவரி. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கும் அபர்டீன் ராணுவச் சோதனைத் தளத்தில் ஒரு புதிய துப்பாக்கியை வைத்து 3,500 ரவுண்டு சுட்டுப் பார்த்தார்கள். இரண்டே தடவைதான் மக்கர் செய்தது. ஒன்று தோட்டாவின் கோளாறு. இன்னொன்று, போல்ட் முழுசாகப் பூட்டிக்கொள்ளவில்லை.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டாவது வரியைப் பார்த்தவுடன் வயிற்றில் ஏதோ செய்யும். "எப்பவாவது வருது, திரும்ப வரவைக்க முடியல" என்று எழுதி நாம் மூடிவிடும் டிக்கெட்டுகளின் ஜாதி அது. நானும் மூடியிருக்கிறேன். 3,500-ல் ஒன்று என்றால் யார்தான் மூட மாட்டார்கள்?

அந்தத் துப்பாக்கியின் பெயர் ரைசிங். வடிவமைத்தவர் யூஜீன் ரைசிங். புகழ்பெற்ற 1911 பிஸ்டல் உருவானபோது ஜான் பிரௌனிங்குக்கு உதவியாக இருந்தவர். மாசசூசெட்ஸில் வூஸ்டர் நகரத்து ஹாரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் கம்பெனி தயாரித்தது. அந்தப் பிஸ்டலின் .45 தோட்டாவையே ரைஃபிள் மாதிரி தோளில் வைத்துச் சுடுகிற ரகம். ஒரே இயந்திர அமைப்பில் மூன்று பிள்ளைகள்: மரக்கட்டையோடு மாடல் 50, மடக்குக் கம்பி வைத்த மாடல் 55, நீளமான குழலோடு ஒரு அழுத்துக்கு ஒரு குண்டு மட்டும் சுடும் அரைத் தானியங்கி மாடல் 60.

அன்றைக்கு எல்லாருக்கும் வேண்டியிருந்தது தாம்சன். ஆனால் அது ஏறக்குறைய ஐந்து கிலோ, விலை 200 டாலர் அளவில். ரைசிங் மூன்று கிலோ, 62 டாலர். தாம்சன்கள் முதலில் தரைப்படைக்கும் நேச நாடுகளுக்கும் போய்விட, மரைன் படைக்குக் கிடைத்தது ரைசிங். கிடைத்ததை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார்கள்.

இந்த மூன்று கிலோ எப்படிச் சாத்தியமானது என்பதில்தான் கதையே இருக்கிறது. தாம்சனில் ஒரு கனமான இரும்புப் போல்ட் பின்னால் காத்திருக்கும். ட்ரிகரை அழுத்தினால் முன்னால் பாய்ந்து தோட்டாவை வெடிக்க வைக்கும். வெடிப்பின் உதையைத் தாங்க அந்தக் கனம் வேண்டும். ரைசிங் வேறு வழி பிடித்தார். அவருடைய போல்ட் சுடுவதற்கு முன்பே மூடியிருக்கும், அதன் பின்நுனி மேலே எழும்பி, மேல்கூட்டில் செதுக்கிய ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். வெடித்ததும் அந்தப் பள்ளத்திலிருந்து நழுவி இறங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்தத் துளி நேரத்தில் குழலுக்குள் அழுத்தம் தணிந்துவிடும். ஆகவே லேசான போல்ட்டே போதும். சுடும்போது பெரிய இரும்பு எதுவும் முன்னால் பாயாததால் குறியும் ஆடாது. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. எடையைக் குறைக்க இரும்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நேரத்தை வைக்கிறார் மனிதர்!

ஆனால் அந்தப் பள்ளம் மேல்கூட்டின் உட்கூரையில் இருக்கிறது. விரல் போகாது, துணி சரியாகப் போகாது. கரியோ மணலோ அங்கே படிந்தால் போல்ட்டின் நுனி முழுசாக மேலே ஏறாது. ஏறாவிட்டால் துப்பாக்கி சுடாது. அப்படித்தான் வடிவமைத்திருந்தார்கள், பூட்டாத துப்பாக்கி வெடித்தால் சுடுபவனுக்கே ஆபத்து. பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடுதான், ஆனால் இருட்டில் எதிரே ஆள் ஓடி வரும்போது ட்ரிகரை அழுத்தியவனுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? சத்தம் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும்.

1942 ஆகஸ்ட் 7 அன்று மரைன்கள் சாலமன் தீவுகளில் குவாடல்கனாலில் இறங்கினார்கள். மழை, சேறு, உப்புக்காற்று, கடற்கரை மணல். போல்ட்டை இழுக்கும் கொக்கி, அடிக்கட்டையில் திறந்த பள்ளத்துக்குள் இருந்தது. மண் அள்ளிப் போடச் செய்துவைத்த வாசல் மாதிரி. பல துப்பாக்கிகளின் மேல்பூச்சு கடையில் விற்பதற்கானது. கடல் ஈரத்தில் துரு ஏறியது. 20 தோட்டா மேகசினின் வாய் விளிம்பு லேசாக நசுங்கினாலும் தோட்டா சரியாக ஏறவில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒரு கோளாறு இருந்தது. என்னைப் பொறுத்தவரை அதுதான் மோசமானது. கம்பெனியில் பாகங்களை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கையால் அரம் போட்டுப் பொருத்தியிருந்தார்கள். ஒன்றின் போல்ட் இன்னொன்றில் சரியாக உட்காராது. போர்க்களத்தில் பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்து கழற்றி, எண்ணெய் போட்டுத் துடைத்து மாட்டினால் பாகங்கள் கலந்துவிடும். யோசித்துப் பாருங்கள். சிக்கல் வருகிறது, உடனே "நல்லா சுத்தம் பண்ணு" என்கிறார் சார்ஜென்ட். சுத்தம் பண்ணுகிறான். இப்போது முன்னைவிட மோசம். மருந்தே நோயைக் கூட்டினால் அவன் எதை வைத்துத்தான் கோளாறைக் கண்டுபிடிப்பான்?

மரைன் ரெய்டர்களின் தளபதி மெரிட் எட்சன், தன் ஆட்களிடம் இருந்த ரைசிங்குகளை லுங்கா ஆற்றில் வீசச் சொன்னார் என்று பல நூல்கள் சொல்கின்றன. கையில் கிடைத்த வேறு ஆயுதத்தைத் தேடிக்கொண்டார்கள்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. மேகசினை ஒற்றை வரிசையாக்கி 12 தோட்டாவுக்குக் குறைத்தார்கள், ஓரளவு பலன் தந்தது. ஃபயரிங் பின்னையும் மாற்றினார்கள். ஆனால் பள்ளம் பள்ளமாகவே இருந்தது. அதை எடுத்தால் மூன்று கிலோவும் போய்விடும், துப்பாக்கியே வேறாகிவிடும். 1943-ல் முன்னணிப் படைகளிடமிருந்து திரும்பப் பெற்றார்கள்.

இரண்டாம் உலகப் போரின் குப்பைத் துப்பாக்கி என்று ரைசிங்கைச் சிரிக்கிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அபர்டீனில் யாரும் பொய் சொல்லவில்லை. அந்த இரண்டு கோளாறுகளில் ஒன்றைச் சரியாகவே பெயர் சொல்லி எழுதியும் வைத்தார்கள். தப்பு அதை எண்ணிக்கையாக மட்டும் பார்த்ததில் இருக்கிறது என்று நினைக்கிறேன். "எத்தனை தடவை" என்று பார்த்தால் 3,500-ல் ஒன்று. "ஏன்" என்று பார்த்திருந்தால் அந்தப் பள்ளம் தெரிந்திருக்கும், அதற்குள் மணல் போனால் என்ன ஆகும் என்ற கேள்வியும் வந்திருக்கும். ஆனால் பசிபிக் பற்றி எரியும்போது ஜனவரியில் யாருக்கு அந்த நேரம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

திரும்பப் பெற்றவை கப்பல் காவலுக்கும் கரையோரக் காவல் படைக்கும் போயின. நீளக் குழல் மாடல் 60 ஆயுதத் தொழிற்சாலைக் காவலர்களுக்குப் பயன்பட்டது. போருக்குப் பிறகு அமெரிக்கப் போலீசும் சிறைக்காவலர்களும் பல வருஷம் ரைசிங்கை வைத்திருந்தார்கள். ரோந்துக் காரில் ஈரம் படாமல் இருக்கும், எப்போதாவது பயிற்சித் திடலில் சுடுவார்கள், ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து ஒரு துப்பாக்கியை மட்டும் கழற்றித் துடைத்து மாட்டுவார். அங்கே அதைப் பற்றி யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. குறி தப்பாமல் சுடுகிறது என்று பாராட்டுகூடக் கிடைத்தது.