மாசியில் ஏறக்கூடாத மலை

வள்ளூரில் புகையைப் பார்த்து யாரும் ஓடுவதில்லை. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி புகைந்தால் யூனிட் ஓடுது, அவ்வளவுதான். மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஷிஃப்ட் பார்க்கிற என்னைப் போன்றவர்கள் லீவு கிடைத்ததும் முதுகுப்பையோடு மலைக்குக் கிளம்புவதே அந்தப் புகையிலிருந்து தப்பத்தான். மலையில் புகை தெரிந்தால் என்ன அர்த்தம் என்பது எங்களுக்குத் தெரியாது. 2018இல் குரங்கணி ஏறியவர்களில் பலரும் எங்களைப் போன்ற நகரத்து ஆட்கள்தான்.

தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூருக்கு மேலே இருக்கும் அந்த மலைப்பாதைகள் ட்ரெக்கிங்குக்காக உருவானவை அல்ல, தேயிலையோடு வளர்ந்தவை. நூறு வருடத்துக்கு முன்னால் மூணாறுத் தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போனது. 1924 வெள்ளம் ரயில்பாதையை அழித்துவிட்டது. ஆனால் நடை நிற்கவில்லை. தோட்டத் தொழிலாளிகளும் சுமைக்காரர்களும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். மாசி, பங்குனியில் ஆளுயரப் புல் காய்ந்து கிடக்கும் என்பது அவர்களுக்குப் பாடம் இல்லை, பழக்கம்.

மார்ச் 10, சனிக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழுவும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்து இன்னொரு குழுவும் கொழுக்குமலைக்கு ஏறின. பெரும்பாலும் இளைஞர்கள்; பெண்கள் அதிகம். மறுநாள் இறங்கும் வழியில் தீ சூழ்ந்தது. முதலில் ஓடி வந்தவர்கள் அடிவாரத்து ஊர்க்காரர்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் பிறகு வந்தன. அன்றும் அடுத்தடுத்த நாட்களில் மருத்துவமனைகளிலுமாக 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஏன் ஓடித் தப்ப முடியவில்லை? சரிவில் தீயின் வெப்பம் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. ஒவ்வொரு 10 டிகிரி சரிவுக்கும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. மனுஷனுக்கோ ஏற ஏற வேகம் குறையும். பயிற்சி பெற்றவர்களுக்கும் இதே கதிதான். 1949 ஆகஸ்டில் அமெரிக்காவின் மொன்டானாவில், மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் 13 தீயணைப்பு வீரர்கள் இப்படித்தான் இறந்தார்கள். அவர்களின் தலைவர் வாக்னர் டாட்ஜ் தனக்கு முன்னாலிருந்த புல்லைத் தானே கொளுத்தி, அது எரிந்து முடிந்த சாம்பலில் குப்புறப் படுத்துப் பிழைத்தார். வாங்க என்று கூப்பிட்டும் யாரும் வரவில்லை. தீயைக் கண்டு ஓடுகிறவனிடம் தீ வைத்த இடத்துக்குள் வா என்றால் யார் நம்புவார்கள்?

குரங்கணிக்குப் பிறகு விசாரணை நடந்தது, மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. அதில் உள்ளூர் மக்களே வழிகாட்டிகள். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையும் அதில் இருக்கிறது. 2025இல் பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை, காட்டுத்தீக் காலம் என்று மலையேற்றத்தை நிறுத்தி வைத்தார்கள். ‘சீசன்ல பூட்டிட்டாங்களே’ என்று நண்பர்கள் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுமைக்காரர்கள் கால்களில் வைத்திருந்த அறிவு, இத்தனை உயிர்கள் போன பிறகு, ஒரு அறிவிப்பாக நம்மிடம் வந்திருக்கிறது. அதையாவது படித்துவிட்டுப் பையைக் கட்டுவோம்.