நரம்பும் கம்பியும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையிலுள்ள கிளியனூரில், முளையில் கட்டிய மாடு கயிறு எட்டும் வட்டத்துக்குள் மேய்வதைக் காண்பவர் எவரும், அதற்கு எந்தப் புல்லில் பிரியம் என்று அதைக்கொண்டு நிச்சயிக்க மாட்டார். ஆயினும் பசியும் கோபமும் உறக்கமும் மூளையில் எங்கே பிறக்கின்றன என்று தேடிய விஞ்ஞானிகள், நெடுங்காலம் கட்டுண்ட பிராணிகளையே நம்பவேண்டியிருந்தது.

நம் தேசத்தில் இவ்வாராய்ச்சியில் முன்னின்றவர்களில் ஒருவர் பால் கிருஷ்ண ஆனந்த். 1951இல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் ஜான் புரோபெக்குடன் சேர்ந்து, எலியின் மூளையில் ஹைப்போதலாமஸ் என்னும் பாகத்தில் இரு பக்கமும் ஒரு சிறு பகுதியை அழித்துவிட்டால், எதிரே தீனி இருந்தும் அது உண்பதை அடியோடு நிறுத்திவிடுகிறது என்று கண்ட அவர், தாயகம் திரும்பியபின், பூனைகளின் மூளையில் மின்முனைகளைப் பதித்து அதே இடத்தை மின்சாரத்தால் தூண்ட, அவை முன்னிலும் மிகுதியாக உண்டதை 1955இல் வெளியிட்டார். 1962இல் அவரும் சகாக்களும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது உண்டது போதும் என்று உணர்த்தும் திருப்தி மையத்தின் மின்சலனம் கூடுவதையும் பதிவு செய்தார்கள். பசி என்னும் ஆதி உணர்ச்சிக்கு இருப்பிடம் காட்டிய இப்பணியை நம்மவர் இன்னும் போதிய அளவு அறியவில்லை என்பது என் மனக்குறை.

இத்தகைய ஆராய்ச்சிகளுக்குப் பெருந்தடையாக நின்றது கம்பிதான். மண்டையோட்டில் பல் வைத்தியருடைய சிமெண்டால் பொருத்திய செருகியிலிருந்து மேசைக் கருவிக்கு ஓடும் அது, பிராணி திரும்பத் திரும்ப முறுக்கிக்கொள்ளும், எலியாயின் கடித்துவிடும், சருமத்தைத் துளைத்து வெளிவரும் இடத்தில் சீழும் வைக்கும்.

1831இல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டலே இக்கம்பியை நீக்க வழி காட்டியது. சாஃபீ, லைட் என்னும் இருவர், குரங்கின் சருமத்துக்கடியில் சிறு சுருளைப் புதைத்து, வெளியிலுள்ள பெரிய சுருளால் அதில் மின்சாரம் பிறப்பித்து நரம்பைத் தூண்டிய முறையை 1934இல் விவரித்தார்கள். 1963இல் ஸ்பெயினின் கோர்டோபாவில், மூளையில் மின்முனை பதித்த காளை பாய்ந்துவர, அதை விஞ்ஞானி ஹோசே டெல்காடோ வானொலி அலையால் நிறுத்தியதை உலகம் வியந்தது; அடங்கியது அதன் சினமா, அல்லது கால்களின் இயக்கம் மட்டுமா என்ற கேள்வியே எனக்கு அவ்வியப்பினும் முக்கியமாகப் படுகிறது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, பிராணிகளுக்காகச் சென்னையிலிருந்து மற்றொரு குரலும் எழுந்தது. ராஜ்யசபையில் நியமன அங்கத்தினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த மசோதாவே, பின்னர் 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டத்துக்கு வித்தாயிற்று. அச்சட்டம் பரிசோதனையைத் தடுக்கவில்லை. அநாவசிய வேதனை கூடாதென்றும், அதை மேற்பார்க்க ஒரு குழு அமையலாமென்றும் விதித்தது. கம்பியை அகற்றுவதில் ஜீவகாருண்யமும் விஞ்ஞானமும் ஒன்றையே வேண்டின. தன் இஷ்டப்படி திரியும் பிராணியின் நரம்பே இயல்பான செய்தியைத் தரும்.

இன்று எலிக்குள் அடங்கும் கருவிகள் நரம்பின் துடிப்பைப் பதிவு செய்து அனுப்புகின்றன, தூண்டவும் செய்கின்றன. ஆயினும் சுருளால் சக்தி பெறும் கருவியில், பிராணி பக்கவாட்டில் சாய்ந்தால் சுருள்களின் இசைவு குலைந்து மின்சாரம் குறைகிறது. மின்கலம் வைத்தாலோ அதன் பாரத்தை அச்சிறு உடல் சுமக்க வேண்டியிருக்கிறது.