எங்கும் உண்டு, எங்கும் இல்லை: விஸ்வநத்தம் மாணவர்க்கு ஆங்கில அளவுச்சொற்களைக் கற்பித்தல்

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் தமிழ்வழியில் படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன்: ‘பொங்கலன்று யாரும் வேலைக்குப் போகவில்லை.’ இரண்டு விதமான விடைகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று, ‘எவ்ரிபடி டிட் நாட் கோ டு வொர்க்.’ மற்றது, ‘எனிபடி டிட் நாட் கோ டு வொர்க்.’ முதலாவதைப் படிக்கும் ஆங்கிலேயர், சிலராவது வேலைக்குப் போயிருப்பார்கள் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். இரண்டாவது ஆங்கிலமே ஆகாது. ‘நோபடி வென்ட் டு வொர்க்’ என்று பலகையில் எழுதியதும் ஒரு மாணவி கேட்டாள்: “வென்ட்டுன்னா போனாங்கன்னுதானே சார்? யாரும் போகலையே!”

ஆங்கில இலக்கண நூல்கள் அளவுச்சொற்கள் பாடத்தை வைத்திருக்கும் வரிசை தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது என்பது என் வாதம். அதற்கான காரணம் அந்த மாணவியின் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

வழக்கமான வரிசையில் உடன்பாட்டுக்குச் ‘சம்’, எதிர்மறைக்கும் வினாவுக்கும் ‘எனி’ என்ற சூத்திரம் முதலில் வரும். பிறகு மெனியும் மச்சும். நோபடி, நத்திங், நோவேர் மூன்றும் பாடத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். எடுத்துக்காட்டாக, ஆங்கிலம் கற்கும் நெதர்லாந்துப் பிள்ளைக்கு இந்த வரிசை குறையில்லாதது. டச்சில் ‘ஈமந்த்’ என்றால் ஒருவர், ‘நீமந்த்’ என்றால் ஒருவருமில்லை. ‘நீமந்த்’ எழுவாயாக வந்தால் வினை உடன்பாட்டிலேயே நிற்கும். எதிர்மறையைப் பெயரே சுமந்துவிடும். நோபடி அந்தப் பிள்ளைக்குப் பழைய சரக்கு. ஈமந்த் என்ற ஒரு சொல்லை ஆங்கிலம் சம்படி, எனிபடி என்று இரண்டாக உடைப்பதுதான் அங்கே சிக்கல். எண்ணக்கூடியதற்கும் எண்ண முடியாததற்கும் டச்சு ‘ஃபேல்’ என்ற ஒரே சொல்லை வைத்திருப்பதால் மெனி, மச் இரண்டும் குழம்பும். ஆசிரியர் இந்த இரு இடங்களில் நேரம் செலவிட்டால் போதும்.

தமிழில் எதிர்மறை வினையை விட்டு நகர்வதில்லை. வரவில்லை, போகமாட்டான், தொடாதே, கூடாது என்று வாக்கியத்தின் கடைசியில் அது உட்கார்ந்திருக்கும். ‘இல்லை’ என்பதைத் தன்னுள் வைத்திருக்கும் ஆட்பெயர் நம்மிடம் கிடையாது. வினாச்சொல்லோடு உம் சேர்ந்து யாரும், எதுவும், எங்கும் என்றாகிறது. அது முழுமையா இன்மையா என்பதை முடிக்கும் சொல்தான் தீர்மானிக்கிறது. ‘புகை எங்கும் இருக்கிறது’ என்றால் எல்லா இடத்திலும். ‘சாவி எங்கும் இல்லை’ என்றால் ஓரிடத்திலும் இல்லை. ஒரே ‘எங்கும்’. ஆங்கிலத்தில் முதலாவதற்கு எவ்ரிவேர், இரண்டாவதற்கு நோவேர். எவ்ரிபடி என்று எழுதிய பிள்ளை உம்மை முழுமைப் பொருளில் படித்தது; எனிபடி என்று எழுதிய பிள்ளை அதை எதிர்மறையின் துணையாகப் படித்தது. இரண்டும் தமிழறிவிலிருந்து வந்த விடைகள்.

இரண்டாவது பிள்ளை ஆசிரியர் சொன்ன சூத்திரத்துக்கும் கட்டுப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எதிர்மறைக்கு எனி என்றார்கள், வாக்கியம் எதிர்மறை, எனி போட்டது. எதிர்மறை வாக்கியத்தில் எனிக்கு முன்னால் நாட் போன்ற சொல் வந்தாக வேண்டும், எழுவாய் இடத்தில் எனிக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. தமிழில் ‘யாரும்’ பொதுவாக எதிர்மறைக்கு முன்னால்தான் வரும் என்பதால் தானாக அது தோன்றவும் வழியில்லை. பிழையை உண்டாக்குவது இங்கே பாடம்தான்.

உம்மையின் இந்த இரட்டை இயல்பு நம் இலக்கணிகளுக்குப் புதிதல்ல. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இடையியல் உம்முக்கு எட்டுப் பொருள் வகுத்து, அவற்றில் முற்று ஒன்று என்கிறது. முற்றும்மை சில இடங்களில் எச்சப் பொருளுக்கும் உரியதாகும் என்று தனியே ஒரு நூற்பாவும் அங்கே உண்டு. பத்தையும் கொடுக்காதே என்றால் சிலவற்றைக் கொடு என்ற பொருளும் படும் என உரைகாரர்கள் அதை விளக்குகிறார்கள். முழுமைச் சொல் எதிர்மறையின் ஆளுகைக்குள் வரும்போது ‘ஒன்றுமில்லை’ என்பது ‘எல்லாமில்லை’ என்று மாறுவதை இன்றைய மொழியியல் பெரிய ஆய்வுப் பொருளாக நடத்துகிறது. நம் தமிழாசிரியர் ஒன்பதாம் வகுப்பில் முற்றும்மை நடத்தும் அதே வாரத்தில் ஆங்கில ஆசிரியர் நோபடி நடத்தினால் எவ்வளவு உழைப்பு மிச்சமாகும்! இரண்டு ஆசிரியர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து தாள் திருத்துகிறவர்கள்தான்.

மொழியியலாளர் மார்ட்டின் ஹாஸ்பெல்மத் 1997இல் வெளியிட்ட நூல் 40 மொழிகளை விரிவாக எடுத்துக்கொண்டு, யாரோ, யாராவது போன்ற வரையறையில்லாப் பதிலிப்பெயர்களுக்கு 9 பயன்பாடுகளைப் பிரித்து ஒரு வரைபடத்தில் வைக்கிறது. டச்சு அதில் உண்டு. திராவிட மொழிகளில் கன்னடம் உண்டு, தமிழ் இல்லை. மலையாளத்தில் வினாச்சொல்லோடு ஓ, உம் சேரும் முறையைக் கே. ஏ. ஜெயசீலன் 2001இல் ஆராய்ந்தார். ஹாஸ்பெல்மத்தின் வரைபடத்தில் தமிழை வைத்தால், சொல்லுக்குச் சொல் எல்லை வகுக்கும் கோடுகள் ஆங்கிலத்தின் கோடுகளோடு சேராது. ‘யாரோ வந்திருக்காங்க’ என்றால் ஆள் உண்டு, அடையாளம் தெரியவில்லை. ‘யாராவது வாங்க’ என்றால் எவரானாலும் சரி, ஒருவர் தேவை. இரண்டுக்கும் ஆங்கிலம் சம்படி என்கிறது. ‘யாராவது வந்தாங்களா?’ என்றால் எனிபடி. ‘யாரு வேணும்னாலும் வரலாம்’ என்பதற்கும் எனிபடி. ஆக ஆவது, ஆங்கிலத்தின் இரு பக்கமும் கால் வைத்திருக்கிறது. ஓ விகுதிக்குச் சம் என்பது மட்டும் பிள்ளைகள் பற்றிக்கொள்ளக்கூடிய உறுதியான விதி. அதிலிருந்து தொடங்குவது நல்லது.

மெனி, மச் இரண்டையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; இந்த ஊரில் பாடம் ஆலையிலேயே இருக்கிறது. பட்டாசு ஆலையின் ஒவ்வொரு அறைக்கும் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு வெடிமருந்து இருக்கலாம் என்று உரிமத்தில் வரம்பு உண்டு. எத்தனை என்பது மெனி, எவ்வளவு என்பது மச். ஆள் எண்ணிக்கையில், மருந்து கிலோவில். தீப்பெட்டியைக் குரோஸ் கணக்கில், 144 என்று எண்ணிப் பழகிய வீட்டுப் பிள்ளைக்கு எண்ணுவதும் நிறுப்பதும் வேறு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘நிறைய’ என்ற சொல் இரண்டுக்கும் பொதுவாக வருவதால்தான் ‘மச் பீப்பிள்’ எழுதுகிறார்கள். ‘நிறைய’வை ஒதுக்கிவிட்டு எத்தனை, எவ்வளவு என்று கேட்டுப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதே ஆலை எதிர்மறைப் பாடத்தின் தீவிரத்தையும் காட்டும். மருந்து கலக்கும் அறைக்குள் அங்கே வேலை செய்பவர் தவிர வேறு யாரும் நுழையக் கூடாது என்பதை ‘ஆல் வொர்க்கர்ஸ் ஷுட் நாட் என்டர்’ என்று எழுதினால், எல்லாரும் சேர்ந்து நுழையக் கூடாது, சிலர் நுழையலாம் என்ற பொருளுக்கு இடமிருக்கிறது. விபத்துக்குப் பிந்தைய விசாரணைகளில் அனுமதிக்கு மேல் ஆட்களை வைத்து வேலை வாங்கியது காரணமாகச் சொல்லப்படும் பகுதி இது. சிவகாசி அச்சகங்களில் ஆங்கில எச்சரிக்கை வாசகங்களைக் கணினியில் கோத்து மெய்ப்புப் பார்ப்பவர்களில் இப்பள்ளிகளில் படித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வேறுபாடு மதிப்பெண்ணோடு முடிகிற சங்கதி அல்ல.

தாய்மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிட்டுப் பிழையை முன்கூட்டியே கணிக்கலாம் என்று ராபர்ட் லாடோ 1957இல் முன்வைத்த நம்பிக்கை பிறகு தளர்ந்தது. பிழைகளில் ஒரு பகுதி எந்தத் தாய்மொழிக்காரருக்கும் வரும் என்பதைப் பிட் கோர்டர் 1967 முதல் எழுதியவை உணர்த்தின. அந்த எதிர்வாதத்தை ஏற்கிறேன்.  ஆனால் ‘எனிபடி டிட் நாட் கோ’ டச்சின் ‘நீமந்த்’ அமைப்பிலிருந்து பிறக்காது. தமிழிலிருந்து நேராகப் பிறக்கும். எல்லாப் பிழைக்கும் ஒப்பீடு மருந்தாகாது என்பது, இந்தப் பிழைக்கு அதை மறுக்கக் காரணமாகாது.

ஒப்பீடு உதவும் வேறோர் இடமும் இருக்கிறது. ஃப்யூ, எ ஃப்யூ வேறுபாட்டில் ஆசிரியர்களே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ‘சிலர் வந்தார்கள்’ என்பது எ ஃப்யூ. ‘சிலரே வந்தார்கள்’ என்பது ஃப்யூ. ‘தண்ணி கொஞ்சம் இருக்கு’ என்பது எ லிட்டில். ‘கொஞ்சம்தான் இருக்கு’ என்பது லிட்டில். ஆங்கிலம் ‘எ’யை எடுத்துவிட்டுச் சொல்வதைத் தமிழ் ஏகாரமோ தானோ சேர்த்துச் சொல்கிறது. இதைச் சொன்ன வகுப்புகளில் மறுவிளக்கம் கேட்டவர் அரிது.

ஆகவே என் வரிசை நோபடி, நத்திங், நோவேர் மூன்றிலும் தொடங்கும்: தமிழ் வாக்கியத்தின் கடைசியிலுள்ள இல்லையை எடுத்து உம் சேர்ந்த சொல்லோடு சேர், வினையை உடன்பாடாக்கு. அடுத்து முற்றும்மையோடு எவ்ரி, ஆல், நாட் ஆல். அதன்பின் ஓவுக்குச் சம். எனி கடைசியில் வரட்டும். வினாத்தாளும் இதற்கேற்ப மாற வேண்டும். கோடிட்ட இடத்தில் சம் அல்லது எனி நிரப்பும் கேள்வியில் ஐந்தும் சரியாக எழுதிய பிள்ளை, ‘யாரும் போகவில்லை’யில் தவறுகிறது, ஏனென்றால் கோடு எங்கே வர வேண்டும் என்பதை அந்தக் கேள்வி முன்பே முடிவு செய்துவிடுகிறது. அதற்குப் பதில் ‘எங்கும் இருக்கிறது’, ‘எங்கும் இல்லை’, ‘எல்லாரும் வரவில்லை’ என்று மூன்று தமிழ் வாக்கியங்களைக் கொடுத்து, மூன்றாவதற்கு இரண்டு விடைகளையும் எழுதச் சொல்லலாம்.