முசுறு வடிவிற் சிலந்தி

சிலந்தியெனின் வலையை நினைத்தல் உலக வழக்கு. ஆயினும், வலை விரியாது பாய்ந்து இரைபற்றும் சிலந்திகளும் உள. அவற்றுள் ஒன்று மாமரத்து முசுறுகளின் அருகே முசுறு போன்றே திரிவது. இலங்கையிலிருந்து சென்ற மாதிரிகளைக் கொண்டு, 1869 ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பாதிரியார் ஒக்டேவியஸ் பிக்காட்-கேம்பிரிட்ஜ் அதனை விவரித்து, ‘பிளட்டலியோயிடெஸ்’ எனப் பெயரிட்டார். ‘பிளட்டலியா’ என்பது மட்டக்களப்பு வாவி போன்ற ஆழங்குறைந்த நீர்நிலைகளில் இரைதேடும் கரண்டிவாயன் பறவையின் இலத்தீன் பெயர். ஆண் சிலந்தியின் தாடைகள் அப்பறவையின் அலகுபோல் முன்னீண்டிருக்கும்.

மதுசாரத்தில் இட்ட உடல் வடிவினைக் காட்டும், நடையினைக் காட்டாது. எட்டுக் கால்களுள் முன்னிரண்டை உயர்த்தி, உணர்கொம்பென அசைத்து, ஆறுகாற் பூச்சியாகத் தோன்றும் சூழ்ச்சி அது உயிருடன் உலாவும்போதே புலனாவது. இன்று அண்மைநோக்கு வில்லை பூட்டிய கமரா அதனை இலைமீதே கொல்லாது பதிவுசெய்கின்றது. எனினும், நெருங்கிய இனங்களைப் பிரித்தறிதற்கு மாதிரியும் நுணுக்குக்காட்டியும் இன்றும் வேண்டப்படுவனவே.

படம் மாத்திரம் வரலாறாகாது. இடமும் நாளும் மரமும் குறிக்கப்பட்ட படமே பிற்காலத்தார்க்குச் சான்றாகும். அன்று தொலைநாட்டார் எழுதிய வாவிக்கரைத் தோட்டங்களின் உயிர்வரலாற்றை, இன்று அத்தோட்டங்களுக்குரியோரே எழுதுதல் இயலும், எழுதுதல் கடனுமாம்.